மூணு வயசு வரைக்கும் யார் பார்ப்பது?

திருப்பூரில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் கடைசி வீட்டுப் பெண் போன மாதம் மறுபடியும் பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். செக்கிங் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். கைக்குழந்தைக்கு அப்போதுதான் ஐந்து மாதம் முடிந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்ல" என்று கேட்டேன். "இதுக்கு மேல லீவு போட்டா வேற ஆளை உக்கார வெச்சுருவாங்கக்கா" என்றாள்.

பகலில் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். அவருக்கு முடியாத நாளில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் மூன்று நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தேன். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு ஆட்டியபடியே மடியில் நோட்டை வைத்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பால் பாட்டில். பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் என்று எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் அது தெரியும்.

நானும் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்று வளர்ந்தவள்தான். பள்ளியில் சோறு போடுவதில் நம் மாநிலத்தின் கதை எனக்குப் பெருமையான விஷயம். 1920-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாநகராட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் ஆரம்பித்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். அப்புறம் முட்டை வந்தது, 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. பள்ளி வாசலை மிதித்த பிள்ளைக்கு வயிறு காயக் கூடாது என்பதில் எந்தக் கட்சிக்கும் இங்கே மாற்றுக் கருத்து கிடையாது.

வாசலை மிதிக்க முடியாமல் தூளி ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் காலை உணவு எப்படிப் போய்ச் சேரும்?

தாய்க்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது, 18,000 ரூபாய். அதில் 14,000 கையில் பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அதை "ஓசி" என்று பேசியவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். பதினைந்தாம் தேதி அந்த மெசேஜ் வந்ததும் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லும் வீடுகள் எங்கள் லைனிலேயே உண்டு. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. செக்கிங் போகும் பெண் இரண்டு மூன்று நாள் லீவு போட்டாலே அந்த ஆயிரம் கழிந்துவிடும். குழந்தை வளரும்வரை வீட்டில் இருந்தால் வாடகை, லோன் தவணை எல்லாம் எங்கிருந்து வரும்? அதனால்தான் உடம்பு தேறும் முன்பே ஓடுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். நல்ல சட்டம். ஆனால் இங்கே சந்துக்குச் சந்து இருக்கும், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் இருபது பேர், முப்பது பேர்தான் இருப்பார்கள். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களை எந்த ஐம்பதில் சேர்ப்பது?

பால்வாடி இருக்கிறதே என்பீர்கள். மாநிலத்தில் 54,000-க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, சரி. ஆறு மாதத்திலிருந்து சத்துமாவு பாக்கெட் தருவார்கள். மையத்தில் உட்காரவைத்துச் சோறு போட இரண்டு வயதாக வேண்டும். அதுவும் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள், அம்மா வர இரவாகிவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. அந்தக் குறை விழுவதே பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்தான். காலை உணவு கையில் கிடைக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது ஓடிவிட்டிருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. திருப்பூர் மாதிரி வேலைக்காரர் அதிகம் இருக்கும் வார்டுகளிலாவது, கைக்குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டு இரவு வரை திறந்திருக்கும் காப்பகத்தை அரசே நடத்த வேண்டும். தனி ஆள், தனிச் சம்பளம். ஏற்கெனவே எடை பார்த்து, பதிவேடு எழுதி, போனில் ஏற்றி அல்லாடும் அங்கன்வாடி அக்கா தலையில் இதையும் கட்டக் கூடாது.

"பெத்தவ பாக்கற மாதிரி வருமா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். வராது. ஆனால் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது பத்து வயதுப் பிள்ளை.

இன்று காலை பாட்டிக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. அந்தப் பெண் யூனிஃபார்ம் போட்டு, ரெட்டை ஜடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் தம்பியோடு என் வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று ஓடினாள். நாளைக்கு எனக்கும் வேலை இருக்கிறது.