எத்தனை தடவை குளிப்பீங்க சார்?

நேற்று சாயங்காலம் கோடம்பாக்கத்தில் ஒரு வீடு பார்க்கப் போனேன். ஹாலில் ஃபேன் போட்டால் கிச்சனில் அடுப்பு அணையும், அவ்வளவு பெரிய வீடு. வாடகை 22,000. அட்வான்ஸ் 10 மாசம். "மெட்ரோ வருது சார்" என்றார் ஓனர். சரி, வந்த பிறகு கேட்கக் கூடாதா? இப்போதைக்கு வந்திருப்பது பள்ளம்தானே.

வீட்டைக் காட்ட இரண்டு நிமிஷம். என்னை விசாரிக்க முக்கால் மணி நேரம். சொந்த ஊர் எது, நான்வெஜ் உண்டா, விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பேன் (சத்தியமாகக் கேட்டார்). சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை எங்கே மாட்டுவது என்றேன். "அதான் ஃபோன்லயே இருக்கே." கரண்டுக்கு சப்-மீட்டர், யூனிட் 10 ரூபாய். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே என்று வாயெடுத்தேன். "அது மோட்டாருக்கே போயிடும் சார்." காலி செய்யும்போது ஒரு மாச வாடகை பெயின்டிங்குக்குப் பிடித்தம். ஆணியே அடிக்காத சுவருக்கு!

இதோடு விட்டிருந்தாலும் பேசாமல் வந்திருப்பேன். காபியைக் கொடுத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா திருவல்லிக்கேணியில் ஸ்டோர் வீட்டில் குடியிருந்தவராம். நடுவில் முற்றம், ஒரே குழாய், ஒன்பது குடித்தனம், வாடகை 15 ரூபாய். அந்த ஓனர் ஏற்றிக் கேட்டபோது, அப்பா 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டி, சிறு வழக்கு நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுத்தடித்தாராம். "ஒத்தை ரூபா ஏத்த விடலையே!" முகத்தில் என்ன பூரிப்பு! அப்படி மிச்சம் பிடித்த காசில்தான் இந்த மனையே வாங்கினாராம்.

இதை வாடகைக்கு வந்தவனிடம் சொல்கிறார், ஐயா!

நானும் சட்டம் பேசினேன். பழைய சட்டம் போய் 2017இல் புதுசு வந்து, 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது, மூன்று மாசத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றேன். மனிதர் அசரவே இல்லை. "தெரியும் சார். வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துலன்னு ஆரம்பத்துலயே போட்டிருக்கான். நாம ஒப்பந்தம் போட்டுக்கலாம்." அப்பா குடித்தனக்காரராக ஜெயித்தார், பிள்ளை ஓனராக ஜெயிக்கிறார். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எனக்குப் பாதகமாகவே ஒரு சட்டம் இருக்கும்போல.

சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? கீழே இறங்கினால் புரோக்கர் நிற்கிறார், வீடு காட்டிய கூலி 500 ரூபாயாம். அதுகூடப் போகட்டும். அந்தக் காபியில் சர்க்கரை இல்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை, கேட்டால் "பழகிக்கோங்க, உடம்புக்கு நல்லது" என்கிறார்கள். சுகர் உங்களுக்கா எனக்கா?