மூச்சு வாங்குவது எனக்கில்லை

"சாருக்கு மூச்சு வாங்குது, யாராவது ஆக்சிஜன் வைங்கப்பா." காற்றில் 35 சதவீதம் ஆக்சிஜன் இருந்ததால்தான் டைனோசர் அத்தனை பெரிதாக வளர்ந்தது என்று ஒரு வீடியோ. அதற்குக் கீழே நான் போட்ட கமெண்டுக்குக் கிடைத்த மரியாதை இது. அதற்கு எத்தனை சிரிப்பு!

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். டைனோசர் பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம் அது இல்லை. அந்த 35 கார்பானிஃபெரஸ் காலத்துக் கணக்கு, சுமார் 30 கோடி ஆண்டுக்கு முந்தையது. அப்போது பறந்தது இரண்டடிக்கு மேல் இறக்கை விரித்த தும்பி மாதிரியான பூச்சி. டைனோசர் வந்ததே 23 கோடி ஆண்டு வாக்கில்தான், அந்த ட்ரயாசிக் காலத்தில் ஆக்சிஜன் இன்றைய 21-ஐ விடக் குறைவு என்றே பல கணக்கீடுகள் சொல்கின்றன. தும்பியின் கணக்கை டைனோசர் தலையில் கட்டினால் எப்படி?

விஷயம் மூச்சு விடுகிற விதத்தில் இருக்கிறது சாமி. எங்கள் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை கோழி சுத்தம் செய்யும்போது விலா எலும்பின் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை விட்டு ரோஸ் நிறப் பஞ்சு ஒன்றைச் சுரண்டி எடுப்பாள். அதுதான் நுரையீரல். ஆட்டுக்குத் தனியாகப் பொதபொதவென்று தொங்குவது, கோழிக்கு முதுகோடு ஒட்டிக் கிடக்கும், உப்பவும் செய்யாது. காற்றுப்பைகள் துருத்தி மாதிரி வேலை செய்து காற்றை அதன் வழியே ஒரே திசையில் தள்ளும். ஆக்சிஜன் குறைவான உயரத்தில் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீள்கழுத்து டைனோசர்களின் முதுகெலும்பிலும் இதே காற்றுப்பைகள் குடைந்த பள்ளங்கள் இருக்கின்றன.

"நீ போய் அளந்தியா?" என்கிறார் ஒருவர். இல்லை. வீடியோ போட்டவர் போய் வந்திருப்பார் போல.

அம்பருக்குள், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினுக்குள், அடைபட்ட காற்றுக் குமிழியை 1988-இல் அளந்தார்களே என்கிறார் இன்னொருவர். அளந்தார்கள், ஆக்சிஜன் 30 சதவீதத்துக்கு மேல் வந்தது. அம்பர் வாயுவைக் கசியவிடும் என்ற ஆட்சேபமும் வந்தது, வீடியோவில் முதல் பாதி மட்டும். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸில் ஆக்சிஜன் இன்றைவிடக் கூடுதல் என்று சொல்லும் கணக்கீடுகளும் உண்டு, சரி, இருக்கட்டும். நீலத்திமிங்கிலம் இந்த 21-ஐத்தானே இழுத்துக்கொண்டு அந்த உடம்பை வைத்திருக்கிறது?

"காற்று கெட்டதால்தான் நாம் குள்ளமாகிவிட்டோம்" என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை, நமஸ்காரம்தான்.

முகம் தெரியாதவர்கள் சிரித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனே, நீயும் அங்கே சிரித்துவிட்டுப் போயிருக்கிறாய். பிளஸ் டூ லேபில் தவளையை அறுத்தபோது மயங்கி விழுந்தது யார், ரெக்கார்டு நோட்டால் அரைமணி நேரம் விசிறியது யார் என்று மட்டும் கமெண்டில் சொல்லிவிட்டுப் போ.