ஔவையாரின் ஐந்தடி: அசை பிரித்தால் கேட்கும் சினம்

டெல்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சங்கப் பாடல் சொல்லித் தரும்போது, பொருளை மட்டும் உரைநடையில் சொல்லிவிட்டு, யாப்பைப் (செய்யுளின் ஓசை அமைப்பை) பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மயூர் விஹாரில் நண்பர்கள் கூடிக் குறுந்தொகையின் 28ஆம் பாடலைப் படித்தபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. என் தரப்பைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே.

திருமணம் தள்ளிப்போகும் இடைவெளியில் தலைவி தோழியிடம் சொல்வதாக ஔவையார் பாடியது. சுழன்று அசையும் காற்று அலைக்க, என்னை வருத்தும் நோயை அறியாமல் தூங்கும் இந்த ஊரை முட்டுவேனோ, தாக்குவேனோ, ஏதோ ஒரு சாக்கில் 'ஆ! ஒல்' என்று கூவுவேனோ, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்பது பொருள். ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராகவும் ஏனைய அடிகள் நாற்சீராகவும் வருவதால் நேரிசை ஆசிரியப்பா. குறுந்தொகையில் இது வழக்கமான வடிவமே.

வழக்கமில்லாதது உள்ளே இருக்கிறது. முதலடியை அசை பிரித்துப் பாருங்கள்: முட்/டு, வேன்/கொல், தாக்/கு, வேன்/கொல். நான்கு சீரும் தேமா, அதாவது ஓர் உயிரொலி மட்டுமே கொண்ட நேரசை இரண்டு சேர்ந்தது. இரண்டு உயிரொலி கொண்ட நிரையசை ஒன்றுகூட இல்லை. வல்லினம் இரட்டித்து, தலையைச் சுவரில் மோதுவதுபோல் ஓசை விழுகிறது. நான்காமடிக்கு வந்தால் அல/மரல், அசை/வளி, அலைப்/பவென் என மூன்று சீரும் கருவிளம், அதாவது நிரையசை இரண்டு சேர்ந்தது. நேரசைக்கு இடமே இல்லை. மூன்று சீரும் அகர மோனையில் தொடங்க, சுழலும் காற்று அடி முழுவதும் ஓடுகிறது. நாலாம் சீரை எதிர்பார்க்கும் காதுக்கு அது கிடைப்பதில்லை; 'என்' அடியின் விளிம்பில் தனித்து நிற்க, அவளுடைய 'உயவுநோய்' அடுத்த அடியில்தான் வருகிறது. நோயைச் சொல்ல வரும்போது அவளுக்கு மூச்சு முட்டுவதை இதைவிட நுட்பமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதன் மெய்ப்பாடு (பாடலில் வெளிப்படும் உணர்ச்சி) அழுகை என்று நண்பர்கள் சிலர் கூறினார்கள். எனக்கு வெகுளியே (சினமே) முந்துகிறது. தலைவனைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ என்ற கேள்விகள் யாரை நோக்கியவை என்பது கடைசிச் சொல்லான 'ஊர்க்கே' வரும்வரை தெரிவதில்லை. தன் நோயறியாமல் நிம்மதியாகத் தூங்கும் ஊரின் மீதுதான் அவளுக்கு அத்தனை ஆத்திரமும்.

ஆகவே முதலில் உரக்கப் படித்துக் காட்டுவோம். 'அலமரல்', 'உயவு' ஆகிய சொற்கள் விளங்காத பிள்ளைக்கும் முதலடிக்கும் நான்காமடிக்கும் உள்ள வேறுபாடு காதில் விழும். அது விழுந்த பிறகு பொருள் சொன்னால் போதும்.