அந்தக் 'கே'யை ஏன் அழிக்கிறீர்கள்?

இந்த மாதத்தில் மூன்று தடவை ஒரே எழுத்தைத் திருத்திவிட்டேன். மூன்று தடவையும் யாரோ அதை அழித்துவிட்டார்கள். 'ஸ்பிக் அண்ட் ஸ்பான்' என்ற ஆங்கிலத் தொடரில், முதல் சொல்லின் கடைசியில் வரும் 'கே'தான் அது.

எங்கள் அலுவலகம் டெக்ஸாஸில் வீடு சுத்தம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதித் தருகிறது. நான் மெய்ப்புப் பார்ப்பவள். வீட்டைப் பளிச்சென்று ஆக்கித் தருவோம் என்று சொல்ல எல்லோருக்கும் இந்தத் தொடர்தான் கைக்கு வரும். சரி, வரட்டும். ஆனால் எஸ், பி, ஐ, சி என்று நிறுத்தினால் அது என்ன சொல் தெரியுமா? ஸ்பானிஷ் பேசும் மக்களை அமெரிக்காவில் இழிவாகத் திட்டும் சொல்! டெக்ஸாஸில் பத்துக்கு நாலு பேர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்த மக்கள். அந்த வீடுகளைக் கூட்டித் துடைப்பவர்களிலும் எத்தனையோ பேர் அவர்கள்தான். அவர்கள் உழைப்பை விற்கும் விளம்பரத்தின் தலைப்பிலேயே அந்த வசை கிடக்கிறது.

"கூகுளில் அப்படித்தானே வருது" என்கிறார்கள். வரும். 'கே' இல்லாத அந்தப் பெயரில் அங்கே ஒரு துப்புரவுப் பொருள் உண்டு, 1945-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதை வாங்கியது. அது ஒரு சரக்கின் பெயர். சில அகராதிகள்கூட அந்த வடிவத்தையும் சேர்த்திருக்கின்றன, அதனால் கணினி சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடும். கணினி விட்டால் நாமும் விடுவதா?

அந்த 'கே' சும்மா ஒட்டிக்கொண்டதும் இல்லை. பழைய வழக்கில் ஸ்பிக் என்றால் ஆணி, ஸ்பான் என்றால் மரச்சில்லு. அப்போதுதான் செதுக்கிய சில்லுபோலப் புதுசு, நம் 'புத்தம் புதுசு' மாதிரி. சுத்தம் என்ற பொருள் பிறகு வந்தது. 1579-ல் ப்ளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தாமஸ் நார்த், 1665-ல் ஒரு சீமாட்டி சேற்றுச் சந்தில் புது வெள்ளைக் காலணியோடு நடந்ததை நாட்குறிப்பில் எழுதிய சாமுவேல் பீப்ஸ், இரண்டு பேருமே 'கே' போட்டுத்தான் எழுதினார்கள்.

இதையெல்லாம் மேலாளரிடம் சொன்னேன். "படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார். யாருக்குத் தெரியாது? பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் திட்டு வாங்கி அழுதுகொண்டே வீடு திரும்பியவருக்கா?

நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது. நாலாவது தடவையாகக் 'கே' போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை யார் அழித்தாலும் என்னிடம் வந்து காரணம் சொல்லிவிட்டு அழிக்கட்டும்.