மாசி போடுறதுக்கு முதல் ஒரு கரண்டி எடுத்து வையுங்கோ

அக்கான்ரை மகள் ரொறன்ரோவில இருந்து வந்து மூண்டு கிழமை எங்களோட நிண்டிட்டு முந்தநாள்தான் வெளிக்கிட்டவள். பிள்ளை இப்ப வீகன். மச்சம் இல்லை, முட்டை இல்லை, பால் தயிர் நெய் தேன் ஒண்டும் இல்லை. வாறதுக்கு முதலே அக்கா போன் எடுத்து, அங்க அவளுக்கு என்னத்தைக் குடுக்கப் போறாய், நான் பெட்டியில ஏதும் கட்டி விடட்டோ எண்டு ஒரே கவலை. கிளிநொச்சிக்கு வாற பிள்ளைக்குக் கனடாவில இருந்து சாப்பாடு கட்டி விடுறதோ? வேலி முழுக்க முசுட்டையும் முருங்கையும் நிக்கிற ஊருக்கு! அண்டைக்கு மனசில குத்தினதுதான், இண்டைக்கு எழுதிறன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ.

நான் பிறந்ததில இருந்து சைவம். வீட்டில அம்மாவும் அப்பிடித்தான். இதுக்குள்ள ரெண்டு வருசம் மாலைதீவில ஒரு சின்னத் தீவில கணக்குப் படிப்பிச்சனான். அந்தத் தீவை நடந்து சுத்தி வர அரை மணித்தியாலம் போதும், சுத்திவரக் கடல், காலமை மத்தியானம் இரவு எல்லாம் சூரை மீன். அங்க போகேக்க எல்லாரும் சொன்னது ஒரே கதைதான், நீ அங்க சைவமா இருந்து காட்டு பாப்பம் எண்டு. இருந்தனான். அதுவும் பட்டினி கிடக்காமல் நல்லாச் சாப்பிட்டு இருந்தனான். அதாலதான் சொல்லுறன், தீவு எண்டா மீன்தான், அங்க மரக்கறி ஆக்களுக்கு வழியில்லை எண்டு நினைக்கிறது பிழை. தீவுச் சாப்பாட்டுக்கு அத்திவாரம் தேங்காயும் கிழங்கும் இலையும்தான். மீன் எண்டது அதுக்கு மேல, அதுவும் கனதரம் கடைசியா, வந்து விழுற சாமான்.

இதை எனக்குக் காட்டினது நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா. முதல் கிழமை அவ பாவம், மரக்கறி எண்டு சொல்லிக் கீரைச் சுண்டல் மாதிரி ஒண்டு கொண்டுவந்து வச்சவ, கொப்பி பை எண்டுற இலை, நல்ல பச்சை, வாயில வச்சா மீன். கிழங்குக் கறி எண்டு வைப்பா, அதுக்குள்ள ரிஹாகுரு, மீன் அவிச்ச தண்ணியைக் கட்டியா வத்தக் காய்ச்சி எடுக்கிற மண்ணிறக் களி. அவவுக்கு அது மீன் இல்லை, உப்புப் புளி மாதிரி ஒரு ருசிச் சாமான். நான் தட்டை எடுத்துக்கொண்டு நேர அவவின்ரை குசினிக்கே போட்டன். அண்டைக்குக் காலமை மஸ் ஹுணி செய்துகொண்டு இருந்தவ. எங்கடை தேங்காய்த் துருவலை மாதிரியே ஒரு சின்னப் பலகை, முன்னுக்குப் பல்லு வச்சது, அதில இருந்து துருவினவ. வெங்காயத்தை மெல்லிசா அரிஞ்சு, கொச்சிக்காய் அரிஞ்சு, உப்பும் தேசிப்புளியும் விட்டு விரலால அழுத்தி அழுத்திப் பிசைஞ்சவ, வெங்காயம் கண்ணாடி மாதிரி வாடி வருமட்டும். அதுக்குப் பிறகு தேங்காய்ப்பூ. அதுக்கும் பிறகு, கடைசியாத்தான் பக்கத்துக் கோப்பையில இருந்த மீன். நான் அந்தக் கோப்பைக்கு மேல கையை வச்சு மறிச்சன். அவ என்ரை முகத்தைப் பாத்தா, கலவையைப் பாத்தா, விளங்கீட்டுது. ஒரு கரண்டி அள்ளிப் புறம்பா வச்சுப்போட்டு மிச்சத்துக்கு மீனைப் போட்டவ. சுடச்சுட ரொஷியோட, அங்கத்தை மெல்லிய ரொட்டி, சாப்பிட்டா அது எங்கடை தேங்காய்ச் சம்பல்தானே! அதுக்குப் பிறகு ரெண்டு வருசமும் அந்த வீட்டில எனக்கெண்டு ஒரு கரண்டி புறம்பா இருந்தது. ஈரப்பலாக்காய்ப் பொரியல், பூசணிக்காய், தொட்டு எண்டுற தீவில இருந்து வாற பப்பாப்பழமும் வத்தகப்பழமும், சோறும் பருப்பும். குறை ஒண்டும் இல்லை.

அங்க போய்த்தான் எனக்கு இன்னொண்டும் விளங்கினது. மாலைதீவுச் சனத்தின்ரை திவெகி மொழியில மஸ் எண்டா மீன். சிங்களத்தில அதே மஸ் எண்டா இறைச்சி. எங்கடை ஆக்கள் மச்சம் எண்டா மீன், இறைச்சி, முட்டை எல்லாத்தையும் சேத்து. கிட்டத்தட்ட ஒரே சத்தம், மூண்டு இடத்தில மூண்டு கருத்து. அதால நாங்கள் போற இடத்தில நான் சைவம், நான் வெஜிடேரியன் எண்டு சொல்லிப்போட்டு நிம்மதியா இருக்கிறது ஒண்டுக்கும் உதவாது. கேக்கிற சனத்துக்கு ஒரு துண்டு இறைச்சி கோழி இல்லாட்டி அது வெஜிடேரியன். மாசியும், அதுதான் அவிச்சுப் புகை போட்டுக் காய வச்ச சூரை மீன், கூனி இறாலும் மீன் சோஸும் அவையின்ரை கணக்கில வராது. சாமானின்ரை பேரைச் சொல்லிக் கேளுங்கோ. எங்கடை நாட்டுக்குள்ள எண்டா சிங்களத்தில உம்பலகட தான்ன எப்பா, மாசி போடாதேங்கோ, இவ்வளவுதான், இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு காலிக்கும் போகலாம் கண்டிக்கும் போகலாம். தாய்லாந்துத் தீவுகளுக்குப் போறவை நாம் ப்ளா, அதுதான் மீன் சோஸ், அதைக் கேக்க வேணும். பாலிக்குப் போறவை தெராசி, இறால் அரைச்சுப் புளிக்க வச்ச கட்டி, சம்பலுக்கு அதுதான் உயிர். பாலி இந்துக்களின்ரை ஊர்தானே, சைவம் பிரச்சினை இல்லை எண்டு நினைச்சுப் போய் ஏமாந்த ஆக்களை எனக்குத் தெரியும். அங்கத்தை இந்துக்கள் திருநாளுக்குப் பண்டிதான் சுடுகினம். அது அவையின்ரை வழமை, நாங்கள் முகம் சுழிக்கத் தேவையில்லை, ஆனா எங்கடை அளவுகோலைக் கொண்டுபோய் அங்க வைக்கக் கூடாது. அதே ஊரில தெம்பே இருக்கு, சோயாவைப் புளிக்க வச்சுக் கட்டியா எடுக்கிறது, மரக்கறிக்குத் தேங்காய்ப்பூ பிரட்டின ஊராப் இருக்கு, கச்சான் அரைச்சு ஊத்தின காடோ காடோ இருக்கு. தெராசி இல்லாமல் செய்யச் சொன்னா ராசா மாதிரிச் சாப்பிடலாம்.

மாசியைப் பற்றிக் கோவமாக் கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. 14ஆம் நூற்றாண்டில மாலைதீவில நீதிபதியா இருந்த இபன் பதூதா, அங்கத்தை மீனை அவிச்சுப் புகை போட்டுக் காய வச்சு இந்தியா, சீனா, யேமன் வரைக்கும் அனுப்பினதை எழுதி வச்சிருக்கிறார். அவ்வளவு பழைய சாமான். மண்ணில நெல்லு விளையாத ஊரில சனம் உயிரோட இருந்தது அதாலதான். முல்லைத்தீவுக் கரையில விடியக் காலமை கரைவலை இழுக்கிற சனத்தைப் பாத்து வளந்தவள் நான், அந்த உழைப்பைக் குறைச்சு ஒரு சொல் சொல்ல மாட்டன். எங்கடை ஆக்களில ஒரு பகுதி இருக்கினம், நாங்கள் சைவம் எண்டு சொல்லேக்க அதுக்குள்ள சாதித் திமிரும் சேந்து வரும், மற்றவன்ரை சட்டியைப் பாத்து மூக்கைப் பிடிக்கிறது. அது சைவமே இல்லை. எனக்கு அதைக் கேக்கவே அந்தரமா இருக்கும். பிள்ளையும் முதல் ரெண்டு மூண்டு நாள் மேசையில மீன் கண்டா உடன பிரசங்கம் துவங்கினவள், நான் கூப்பிட்டுச் சொன்னன், உன்ரை கோப்பையை நீ பார் குஞ்சு, மற்ற ஆக்களின்ரை கோப்பைக்குள்ள கை வைக்காதை எண்டு.

சரி, இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். எந்தத் தீவுக்குப் போனாலும் அங்க ஆரோ ஒரு பகுதிச் சனம் விரதம் பிடிக்கும். அவையை விசாரிச்சுத் தேடிப் போங்கோ. ஹோட்டல் மெனுவில கிடைக்காதது அங்க கிடைக்கும். மொரிசியஸில தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை, சனம் நாள்க்கணக்கில விரதம் இருந்து காவடி எடுத்து, கோயிலில வாழையிலையில ஏழு கறியோட சாப்பாடு போடுவினம். ஊர் உலகத்துக்கெல்லாம் பொது. றோட்டில விக்கிற தோல் பூரி எண்டுற ரொட்டி கூட கடலைப்பருப்பு மாதிரி ஒரு பருப்பை வச்சுச் சுடுறது. தாய்லாந்தின்ரை புக்கெட் தீவில வருசத்தில ஒன்பது நாள் சீன வழிவந்த சனம் விரதம் பிடிக்கும், கடை வாசலில மஞ்சள் கொடி தொங்கும், அதில சிவப்பில ஜே எண்டு தாய் எழுத்தில போட்டிருப்பினம். அந்தக் கொடி தொங்கிற கடையில மீன் சோஸ் என்ன, உள்ளி வெங்காயம் கூட இராது. யமேக்காவில ரஸ்தாபாரி எண்டுற சமயத்து ஆக்கள் இத்தல் எண்டு சொல்லுற சாப்பாடு, பூசணி, கிழங்கு, கீரை, தேங்காய்ப்பால், கனபேர் உப்பும் போடாயினம். பாத்தீங்களே, உலகத்தின்ரை ரெண்டு மூலையில இருந்தும் வந்து நிக்கிறது அதே தேங்காய்ப்பாலும் பூசணிக்காயும்தான்.

எங்கடை நாட்டில இன்னும் லேசு. வெசாக்குக்குச் சிங்கள ஊருகளில தன்சல் போடுவினம், மறிச்சு மறிச்சுக் கூப்பிட்டுச் சோறு, கடலை, மரவள்ளிக்கிழங்கு குடுப்பினம், ஆர் எவர் எண்டு கேக்கிறேல்லை. பிள்ளையை நான் முதல் கூட்டிக்கொண்டு போனது நயினாதீவுக்கு. குறிகட்டுவானில படகு ஏறி இறங்கி, அம்மனைக் கும்பிட்டிட்டு நேர அன்னதான மண்டபம். அதின்ரை பேர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைச்ச மணிபல்லவம் இதுதான் எண்டு நம்புற சனம் கனக்க. பிள்ளை வரிசையில சம்மணம் போட்டு இருந்து சோறும் சாம்பாறும் பூசணிக்காயும் சாப்பிட்டாள், ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள். மோர் வரேக்க மட்டும் கையால மறிச்சாள், ஊத்த வந்த ஐயா ஒண்டும் கேக்கேல்லை, அடுத்த ஆளுக்குப் போட்டார்.

அதே பிள்ளையைத் தெற்குப் பக்கம் கடற்கரையில ஒரு கெஸ்ட் ஹவுஸில வச்சிருந்தனாங்கள். மெனுவில வீகன் எண்டு பெரிய எழுத்தில கிடக்கு, வந்தது என்ன எண்டா வெளிநாட்டில இருந்து வந்த பெட்டிப் பாதாம்பால் ஊத்தின ஏதோ ஒரு கோப்பை, எங்கடை ஊரில ஒரு வீட்டுக்கு மூண்டு நாள் மரக்கறிச் செலவு அந்த விலை. பின்பக்கம் தென்னை காய்ச்சுக் குலுங்குது! வேலை செய்யிற பொடியனைக் கேட்டன், தம்பி நீங்கள் பின்னால என்ன சாப்பிடுறியள் எண்டு. அவையளுக்குச் சமைச்ச பலாக்காய்க் கறி, பருப்பு, வல்லாரைச் சுண்டல் இருந்தது. சுண்டலில மாசி. பலாக்காயில இல்லை. அண்டைக்கு ரெண்டு பேரும் அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டம், பிள்ளை சொன்னாள் சித்தி இதுதான் இவ்வளவு நாளில நல்ல சாப்பாடு எண்டு. இன்னொரு கவனம், கடை மரக்கறி றோல்ஸ் மீன் றோல்ஸ் பொரிச்ச எண்ணெயிலதான் பொரியும், மரக்கறிக் கொத்து எண்டாலும் சொல்லாட்டி முட்டை உடைச்சு ஊத்துவினம்.

எங்கடை வீட்டில வீகன் எண்டு நான் புதுசா ஒண்டும் செய்யேல்லை. எங்கடை குசினியில பால் எண்டா மாட்டுப்பாலே? தேங்காய்ப்பால்தானே. பால்கறி, பால்சொதி, பாற்கஞ்சி எல்லாத்துக்கும் அதுதான். வெள்ளிக்கிழமை அம்மா சமைச்சது, குத்தரிசிச் சோறு, பயத்தங்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, முசுட்டை வறை, முதற்பால் விட்ட சொதி. பிள்ளை ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு வந்தவள், எல்லாம் ஓம் ஓம், கடைசியில பொரிச்ச மிளகாயை எடுத்து வாயில வைக்கப் போக அம்மாதான் கையைப் பிடிச்சவ, பிள்ளை அது மோர்மிளகாய், மோரில ஊறினது எண்டு. எழுபத்தொம்பது வயசு, வீகன் எண்ட சொல்லை ஒழுங்காச் சொல்ல வராது, ஆனா ஆரின்ரை கோப்பையில என்ன விழக் கூடாது எண்டது அவவுக்குத் தெரியும். ஒரு விசயம், பால் முட்டையும் விட்ட ஆக்கள் பி12 குளிசை எடுக்கத்தான் வேணும், அதைச் சோறு கறியில ஈடு கட்டேலாது, பிள்ளை ஒழுங்கா எடுக்கிறாள்.

அம்மாவுக்கு அது தெரிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. 2009இல போர் முடிஞ்ச காலத்தில எங்களை வச்சிருந்த முகாமுக்குள்ள சோத்துப் பார்சல் வரும், மீன் கறி ஊத்தித்தான் வரும். கேள்வி கேக்கிற நிலைமையில ஒருத்தரும் இல்லை. அம்மா பார்சலின்ரை ஓரத்தில குழம்பு படாமல் வெள்ளையாக் கிடக்கிற சோத்தை மட்டும் விரல் நுனியால கிள்ளி எடுப்பா, ஒரு கைப்பிடி வராது. பக்கத்துக் கூடாரத்தில ஒரு கரையோரத்து அம்மா, மீன் இல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டிராத மனுசி, அதைப் பாத்திட்டு, பிறகு சமைக்க அரிசி கிடைச்ச நாளில எல்லாம் சட்டியில கறி வைக்க முதலே வெறுஞ்சோறு ஒரு மூடியில போட்டுத் தேங்காய்ச்சொட்டும் வச்சுக் கொண்டுவந்து தருவா. அதால, இதெல்லாம் வசதி வந்த ஆக்களின்ரை சேட்டை எண்டு ஆரும் சொன்னா நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

இப்ப எங்கடை வன்னியிலயும் வீடுகளில அறை விடத் துவங்கியிருக்கினம். யாழ்ப்பாணம் போற வாற வெளிநாட்டுச் சனம் முறிகண்டியில கச்சான் வாங்கின கையோட ஒரு நாள் ரெண்டு நாள் நிண்டு இரணைமடுவும் பாத்திட்டுப் போகுது. அவையளுக்கு மரக்கறி எண்டு கேட்டா குடுக்கிறது வெள்ளை அரிசி ப்ரைட் ரைஸ், அதுக்குள்ள கரட்டும் லீக்ஸும். குரக்கன் பிட்டும் தூதுவளைச் சம்பலும் ஒடியல் பிட்டும் தெரிஞ்ச கையால ஏன் அதைச் செய்யிறியள்?

பக்கத்து வீட்டு மச்சாளுக்கு வாற வெள்ளி ரெண்டு பேர் வருகினமாம், ஒராள் வீகன், என்ன செய்யிறது எண்டு நேற்று வேலிக்கரையில நிண்டு கேட்டவ. மரவள்ளி அவிச்சு, கட்டச்சம்பலை ரெண்டாப் பிரிச்சு இடியுங்கோ, மாசி போடுறதுக்கு முதல் ஒரு கரண்டி எடுத்து வையுங்கோ எண்டு சொன்னன். முசுட்டை என்ரை வேலியில நிக்குது, காலமை பனியோட நான் ஆய்ஞ்சு தாறன்.