விரலை அளந்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை நம்ம சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். மெல்பர்னில் படிக்க இடம் கிடைத்த கடிதத்தோடு உதவி கேட்டு ஒரு பிள்ளை மேடைக்கு வந்தாள். மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே, "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்மா" என்றார். மண்டபமும் சிரித்தது. கடைசி வரிசையில் அவள் அம்மா பிரசாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

சரி, அந்த விரலை அளந்தது யார்? மைக் பிடித்தவரின் மகன் எந்த நாட்டில் படிக்கிறான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் விரல் எப்படியோ பிறக்கும்போதே பெரிய விரல்.

"உள்ளூரில் படிக்கலாமே, மலேசிய அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறதே" என்று வருவீர்கள், தெரியும். உள்ளூரில் படிப்பதை நான் குறைத்துப் பேசவில்லை, என் தங்கை இங்கேதான் படித்தாள். ஆனால் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வில் முழுப்புள்ளி 4.00 வாங்கிய பிள்ளைக்குக் கேட்ட துறை கிடைக்கவில்லை என்ற செய்தியை வருஷா வருஷம் பகிர்ந்து கொதிப்பதும் நீங்கள்தான். அதே பிள்ளை வேறு வழி தேடினால் வீக்கம் என்பதும் நீங்கள்தான். பிடிபிடிஎன் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. கிடைத்தால் அவள் ஏன் மேடை ஏறப்போகிறாள்?

செலவு தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000. விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்றால், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். அவளுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவளிடம் யார் கேட்டீர்கள்?

நான் 2009-இல் அங்கே படிக்கப் போனபோது வாரத்துக்கு 20 மணி நேரம். விடிய நாலு மணிக்கு எழுந்து ஆபீஸ் கட்டடத்தில் கக்கூஸ் கழுவினேன். தோட்டத்தில் விடியற்காலைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்து பழகிய வீடு, எழுவது கஷ்டமில்லை. குளிரில் கை விறைப்பதுதான் கஷ்டம். ட்ராமில் உள்ளூர் மாணவனுக்குச் சலுகைக் கட்டணம், எனக்கு முழுக் கட்டணம். அதனால் பாதி நாள் நடைதான். போன அன்றைக்கு விமான நிலையத்தில் அம்மா கொடுத்துவிட்ட மைலோ டின்னை அதிகாரி திறந்து பார்த்தார். உள்ளே நெத்திலி சம்பல். முகர்ந்தார், இருமினார், மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடிப் போகச் சொன்னார். சம்பல் தீர்ந்த பிறகு அந்த டின்னில் சில்லறை சேர்த்தேன்.

அப்பா இறந்தது இரண்டாம் வருஷம், பரீட்சை வாரத்தில். டிக்கெட்டுக்குக் காசு புரட்டி வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஆஸ்திரேலியா ரிட்டர்ன்" என்று கிண்டல் பண்ணுவீர்களே, அதற்காக இருக்கலாம்.

"உதவி வாங்கிப் போனவன் ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை." உண்மைதான், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். அதற்கு இவள் என்ன செய்வாள்? நான் திரும்பி வந்தேனே. வந்த மறுவாரம், "ஏன் தம்பி, அங்கே வேலை கிடைக்கலையா?" என்று கேட்டது இதே மண்டபம்தான்.

அப்புறம், ஊர்க்காசில் படிப்பதா என்று ஒரு கேள்வி. ஐயா, இது சுங்கை சிப்புட். வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பால் வெட்டுகிறவர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அன்றைக்கும் யாராவது விரலைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நல்லவேளை, மைக் அவர்கள் கையில் இல்லை.

"அண்ணே, அவர் சும்மா தமாஷுக்குச் சொன்னார்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மைக்கை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதையும் எழுதவா?