பாப்பரசர் மேல எனக்குப் பாசம் இல்லையாம்

எங்க பங்குக் கோயில் குரூப்ல ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் பூரா அனுப்பின புண்ணியவான்களுக்கு நன்றி. நான் எழுதினது ஒரே வரி: "திருத்தந்தை சொல்ற எல்லாமே தவறா வரத்துல சேராது." (திருத்தந்தைன்னா பாப்பரசர்தான்; தவறா வரம்னா அவர் போதனையில பிழை வராதுங்கிற வரம்.) வந்த பதில்: "பிடிக்கலைன்னா பெந்தகோஸ்து சபைக்குப் போயிடு." கீழே வரிசையா கும்பிடு எமோஜி.

சரி, பொறுமையாவே சொல்றேன். தவறா வரம்னு திருச்சபை வரையறுத்தது 1870-ல, ஆயர்கள் கூடின முதலாம் வத்திக்கான் சங்கத்துல. விசுவாசம், ஒழுக்கம் பத்தின ஒரு போதனையை, முதல் பாப்பரசரான பேதுருவின் வாரிசுங்கிற அதிகாரத்துல, எல்லாக் கத்தோலிக்கரும் ஏத்துக்கணும்னு அறுதியிட்டுச் சொன்னாத்தான் அது பொருந்தும். 1950-ல மாதாவோட விண்ணேற்பைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அறிவிச்சாரே, அது அப்படி. விமானத்துல நிருபர்கள்கிட்ட பேசறது அப்படி இல்லை. இது என் சொந்தச் சரக்கு கிடையாதுங்க, திருச்சபை சொன்னதுதான்.

பாசம் இல்லையாம். எலத்தகிரியில எங்க ஆயா, ராத்திரி ஜெபமாலை முடிஞ்சாலும் எங்களை எழுந்திருக்க விடாது. "பாப்பரசரோட சுகிர்த கருத்துக்களுக்காக"ன்னு இன்னும் ஒரு பரலோக மந்திரம், மூணு அருள் நிறைந்த மந்திரம். முட்டி காந்தும், கொசு பிடுங்கும். 1978-ல ரெண்டு பாப்பரசர் அடுத்தடுத்து இறந்து மூணாவது ஒருத்தர் வந்தப்பவும் ஆயா ஒரு வார்த்தை மாத்தலைன்னு அப்பா சொல்வாரு. அந்த ஜெபத்துல பேரே கிடையாதே! அந்த வீட்டுப் பிள்ளைங்க நான். 2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள், பாப்பரசர் பிரான்சிஸ் போயிட்டாருன்னு கேட்டு அழுதவன். அவர் பேசின சிலது எனக்கு ஒப்பவே இல்லை. அழுதவனும் ஒப்பாதவனும் ஒரே ஆள்தான். அப்பனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் எல்லாம் வீட்டை விட்டு ஓடிட்டானா?

"ஆளாளுக்குக் கேள்வி கேட்டா திருச்சபை என்னாகும்?"னு ஒரு அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா முதல்ல கேட்டது பவுல். கலாத்தியர் ரெண்டாம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. அந்தியோக்கியாவுல பேதுரு யூதரல்லாத பிற இனத்தாரோட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு, எருசலேம்ல இருந்து ஆளுங்க வந்ததும் பயந்து விலகிட்டாரு. பவுல் நேருக்கு நேரா எதிர்த்தாரு. யாரும் அவரை "சபை மாறு"ன்னு சொல்லலை.

விலகறதுன்னதும் ஞாபகம் வருது. போன புது நன்மை விருந்து, பிள்ளைங்க முதல் தடவை நற்கருணை வாங்கினதுக்கு வச்சது. அம்மா பக்கத்துல ரெண்டு பேர். இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பும் அப்பளமும் வச்சாச்சு. அம்மா யாருன்னு தெரிஞ்சதும் "அடுத்த பந்திக்கு வர்றோம்"னு எழுந்து போனாங்க. அம்மா குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டுச்சு. அதுல ஒருத்தர்தான் இப்ப குரூப்ல பாப்பரசரோட மானத்தைக் காப்பாத்துறாரு.

ஐயா, திருத்தந்தை சொன்னா மறுபேச்சு கூடாது, அப்படித்தானே? 2003 நவம்பர்ல இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை ரோம்ல வச்சே சொன்னாரு: கிறிஸ்தவர்களுக்குள்ள சாதிப் பாகுபாட்டோட சாயல் இருந்தாலே அது ஆன்மிகத்துக்கு ஆபத்து, நற்செய்திப் பணிக்குப் பெரிய தடைன்னு. நம்ம தருமபுரி மறைமாவட்டம் அடங்கின புதுவை-கடலூர் மறைமாநிலத்து ஆயர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். அதை என்னைக்காவது குரூப்ல ஃபார்வர்ட் பண்ணீங்களா? அதுக்கு எங்க போச்சு கும்பிடு எமோஜி?

"எதுக்கு இதை முகநூல்ல போட்டு மத்த மதத்துக்காரன் சிரிக்கிற மாதிரி பண்றே?"ன்னு அடுத்து வருவீங்க. பந்தியில எழுந்தப்ப சமையல்காரர் பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு. அவர் கிறிஸ்தவர் இல்லை.

பெந்தகோஸ்து சபைக்கு வழி சொன்னவங்களுக்கு ஒண்ணு. அவங்களும் நல்லவங்கதான், அவங்களை வசவு மாதிரி பயன்படுத்தாதீங்க. நான் போகலை. வர்ற ஞாயிறு ரெண்டாம் பூசையில முதல் வாசகம் என் முறை. பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டா சனிக்கிழமையே சொல்லிடுங்க, அம்மா என் வேட்டிக்குக் கஞ்சி போடறதாவது மிச்சம்.